கை செய்த வேலையைக் கைக்கே திருப்பிக் கொடுப்போம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)





சென்ற மாதம் நம் நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி ஆகியவற்றுக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்கள், முதலில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் நோயாளியைக் காட்டி, அவர் எழுதித் தரும் குறிப்போடு விண்ணப்பிக்க வேண்டும். போய்வரும் வண்டிச் செலவையும் கட்டணத்தையும் அறக்கட்டளையே ஏற்றுக்கொள்ளும். இதுதான் முடிவு.

இதைக் கேள்விப்பட்டுச் சிலர் மனம் வருந்தினார்கள். "நாங்கள் கேட்பது ஒரு நாற்காலிதானே? கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதற்கு எதற்கு இன்னொரு சீட்டு, இன்னோர் அலைச்சல்?" என்று என்னிடமே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் படும் பாடு எனக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று நிற்கிறேன். பதில் கொஞ்சம் நீளமானது. பொறுமையாகக் கேளுங்கள்.

பெயரால் வந்த குழப்பம்

ஆக்குபேஷனல் தெரபி என்றதும் பலர், "வேலை வாங்கித் தரும் இடமா?" என்று கேட்கிறார்கள். தமிழில் இதைச் செயல்முறை சிகிச்சை என்றும் தொழில்வழிச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். இங்கே தொழில் என்பது சம்பளம் தரும் வேலை மட்டுமல்ல. காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும்வரை ஒரு மனிதர் தம் கையாலும் உடம்பாலும் செய்யும் எல்லாமே இதில் அடங்கும். பல் துலக்குவது, குளிப்பது, கைலி கட்டுவது, சட்டை போடுவது, உளூ செய்வது, சோறு அள்ளிச் சாப்பிடுவது, பிள்ளைக்குத் தலை வாருவது, கடைக் கணக்கு எழுதுவது என எல்லாம்தான்.

பிசியோதெரபி நமக்குத் தெரியும். மூட்டு மடங்குகிறதா, தசைக்குப் பலம் வருகிறதா, நடக்க முடிகிறதா என்று பார்த்து உடம்பின் அசைவைச் சரிசெய்வது அவர்கள் வேலை. அது மிக அவசியம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த அசைவைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர். கையை இவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதோடு ஒருவர் நிற்பார். அந்தக் கை தலையில் தொப்பி வைக்குமளவுக்கு வருமா என்று மற்றவர் பார்ப்பார். வந்தால் அதைப் பழக்குவார். வராது என்றால் வேறு வழி சொல்லித் தருவார், அல்லது அதற்கேற்ற ஒரு கருவியைச் செய்து தருவார். இருவர் வேலையும் ஒன்றோடொன்று கலந்ததுதான். ஒருவர் இருந்தால் மற்றவர் வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இது ஏதோ நேற்று வந்த நாகரிகமும் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-ல், அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. போரில் கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களைப் பழைய வாழ்க்கைக்குக் கொண்டுவரும் தேவை அப்போது பெரிதாக எழுந்திருந்தது. நம் நாட்டில் 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த நாட்டுக்காரராகவே வாழ்ந்த பெண்மணி அவர். இரண்டு ஆண்டுகளில், 1952-ல், அகில இந்திய அளவில் இத்துறையினருக்கு ஒரு சங்கமே உருவாகிவிட்டது.

நம் தமிழ்நாட்டில் வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு டாக்டர் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றி அறுவை சிகிச்சை செய்தார். விரல் நிமிர்ந்தது. ஆனால் நிமிர்ந்த விரலால் பிடிக்கவும் எடுக்கவும் அந்த மனிதர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. உணர்ச்சியற்ற விரலைக் காயப்படுத்திக் கொள்ளாமல் வேலை செய்யவும் கற்க வேண்டியிருந்தது. அதற்காக மரவேலையும் பொம்மை செய்வதும் கற்றுத் தந்தார்கள். அங்கே பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானதற்கு அவரே காரணம். கால் போய்விட்டதே என்று அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தால், எத்தனை பேர் கை இல்லாதவர்களாகவே போயிருப்பார்கள்!

அன்பினால் வரும் இடைஞ்சல்

நம் குடும்பங்களில் இல்லாத ஒன்று அன்பு என்று யாரும் சொல்ல முடியாது. வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஓடி வருகிறார்கள். மருமகள் தூங்காமல் பார்க்கிறாள். பேரப்பிள்ளைகள் கால் பிடித்து விடுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய நிஃமத்.

ஆனால் அந்த அன்பு எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். அவர் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டுவார். அதற்குள் மூன்று கைகள் நீளும். சட்டைப் பொத்தானை அவர் தடவிக் கொண்டிருப்பார். "சும்மா இருங்க வாப்பா, நாங்க இருக்கோம்ல" என்று மகள் போட்டு விடுவாள். ஒரு வாரம் போனால் அவர் கை நீட்டுவதை நிறுத்திவிடுவார். ஒரு மாதம் போனால், "எனக்கு எதுவும் முடியாது" என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார். நோய் பாதி எடுத்துக் கொண்டது. மீதியை நாம் எடுத்துக் கொண்டோம்.

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்கள் பொன்னானவை. மூளை தன் பழைய வேலைகளைத் திரும்பக் கற்பது அந்த மூன்று மாதம், ஆறு மாதத்தில்தான் மிக வேகமாக நடக்கும். அதற்குப் பின்னும் முன்னேற்றம் உண்டு. கதவு அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் வேகம் குறையும். செய்யச் செய்யத்தான் மூளை கற்கும். பிறர் செய்து விட்டால் எதைக் கற்கும்?

அதே நேரம், "நீங்களே செய்யுங்கள்" என்று தனியே விட்டுவிடுவதும் சரியல்ல. எதை அவர் செய்ய வேண்டும், எதில் நாம் கை கொடுக்க வேண்டும், எங்கே நம் கையை எடுத்துவிட வேண்டும் என்று நாளுக்கு நாள் அளந்து சொல்வதுதான் தெரபிஸ்டின் படிப்பு.

சில விஷயங்களை இங்கேயே சொல்லி விடுகிறேன். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த ஒரு முறை தெரிந்தாலே பாதிச் சிரமம் போய்விடும். படுக்கையிலிருந்து தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு நழுவி, தீராத வலியில் கொண்டுபோய் விடும். உட்காரும்போது அந்தக் கையைத் தொங்க விடாமல் ஒரு தலையணையில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "கறி வைக்கவே இல்லையே" என்பார்கள். கறி இடப்பக்கம் அப்படியே இருக்கும். இடப்பக்கம் நின்று ஸலாம் சொன்னால் பதில் வராது. நாம் பிடிவாதம் என்றோ மறதி என்றோ நினைப்போம். கண்ணில் கோளாறு இருக்காது. இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதையே அவருடைய மூளை கணக்கில் எடுக்காது. இதைக் கண்டறிந்து, தலையைத் திருப்பித் தேடிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துவதும் ஆக்குபேஷனல் தெரபிதான். காரணம் தெரிந்தால் வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஒரு பண்டாரியின் கதை

பெயர் சொல்ல மாட்டேன். நம் பகுதியில் முப்பது ஆண்டுகள் கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கிய பண்டாரி அவர். ஐம்பத்தைந்து வயதில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்று மாதத்தில் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். எல்லோரும் ஷுக்ர் செய்தார்கள். ஆனால் அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார்.

மகன் அவரை ஒரு தெரபிஸ்டிடம் அழைத்துச் சென்றார். இளம்பெண். அவர் முதலில் கேட்டது, "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்பது. இரண்டாவது, "இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதுதான் உங்களுக்கு மிகவும் வருத்தம்?" அதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் அழுதுவிட்டார். சஹனில் நாலு பேரோடு உட்கார்ந்தால் இடக்கையால் சாப்பிட வேண்டியிருக்கிறதே, எல்லோரும் பார்ப்பார்களே என்பதுதான் அவர் மனதை அரித்துக் கொண்டிருந்தது.

அங்கிருந்துதான் சிகிச்சை ஆரம்பமானது. முதலில் தடித்த கைப்பிடி போட்ட ஒரு கரண்டி. பிளம்பிங் கடையில் கிடைக்கும் பஞ்சுக் குழாயைச் சாதாரணக் கரண்டிக் காம்பில் செருகியதுதான். வலக்கை அதைப் பிடித்தது. அடுத்து ஒரு சட்டியில் அரிசியைப் போட்டு அகப்பையால் கிளறச் சொன்னார்கள். பிறகு வெங்காயம் எடுத்து வைப்பது, எலுமிச்சம்பழம் உருட்டுவது, மாவு பிசைவது. அவருக்கு அது பயிற்சியாகவே தெரியவில்லை. முப்பது ஆண்டு செய்த வேலையல்லவா! ரப்பர் பந்தை நூறு முறை அமுக்கச் சொன்னால் சலித்துக் கொண்டவர், அகப்பையை ஒரு மணி நேரம் விடவில்லை.

இன்று அவரால் தேக்சாவைத் தூக்க முடியாது. அதை எதிர்பார்க்கவும் இல்லை. மகன்கள் தூக்குகிறார்கள். அவர் அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உப்புப் பார்த்து, அரிசிப் பதம் பார்த்து, எப்போது தம் போடுவது என்று சொல்கிறார். சஹனில் கரண்டியோடு உட்காருகிறார். நோய் முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் அவர் மறுபடியும் பண்டாரி.

வணக்க வழிபாடும் அன்றாட வேலைதான்

இடக்கையால் சாப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும்: வலக்கையால் உண்பது நமது ஒழுக்கம், வலக்கை செயலிழந்தவருக்கு அது உஜ்ர், அவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை. இது தெரிந்தும் நாம் பார்க்கும் பார்வை அவரைக் குத்துகிறது. பார்வையை நாம்தான் திருத்திக் கொள்ள வேண்டும்.

உளூவைப் பாருங்கள். திருகுகிற குழாயை ஒரு கையால் திறப்பது சிரமம். நீண்ட கைப்பிடியுள்ள குழாயாக மாற்றினால் முழங்கையாலேயே திறக்கலாம். ஈரத் தரையில் நின்று கால் கழுவும்போதுதான் பலர் விழுகிறார்கள். வழுக்காத அடிப்பாகமுள்ள ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் ஒரு கைப்பிடியைப் பொருத்திக் கொண்டால் விழாமல் செய்யலாம். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது நமக்குப் பெரிதாகத் தெரியாது. இடக்கை செயலிழந்தவருக்கு அதுதான் பெரிய விஷயம். குழாயை மறுபக்கம் மாற்றினால் சுத்தம் செய்துகொள்ள அவருக்கு இன்னொருவர் தேவைப்படாது. ஒரு வயதான மனிதருக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் எது?

தொழுகைக்கு நாற்காலியா, தரையா, எந்த உயரம், எழும்போது எதைப் பிடிப்பது என்பதையும் தெரபிஸ்டிடம் கேட்கலாம். இதையெல்லாம் அவரிடம் கேட்கக் கூடாது என்று நினைத்து நம் மக்கள் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். சொல்லுங்கள். உங்கள் அன்றாட வாழ்க்கையில் எது முக்கியமோ அதைப் பழக்குவதுதான் அவர் வேலை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்ற மஸ்அலாவை நம் ஹஜ்ரத்திடம் கேட்டுக் கொள்ளுங்கள். உடம்பால் எது முடியும் என்பதைத் தெரபிஸ்டிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

அடிபட்ட கை, தீப்பட்ட உடல்

பட்டறையிலும் மர அறுவை மில்லிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளிலும் கையில் வெட்டுப்பட்டு வருபவர்கள் நம்மிடையே உண்டு. விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால் டாக்டர் தைத்துவிடுவார். தையலோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் பாதி வேலை ஆரம்பம். தைத்த நாணை அறவே அசைக்காமல் வைத்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. அவசரப்பட்டுப் பாரம் தூக்கினால் தைத்த இடம் அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, விரலுக்குப் பாதுகாப்பாக ஸ்ப்ளிண்ட் என்ற தாங்கியைப் போட்டு, அனுமதித்த அளவுக்கு மட்டும் அசைக்கச் சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் ஆறு வாரம் அந்தத் தாங்கி இருக்கும். கனமான வேலைக்குச் சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாலாவது வாரம், "நல்லாத்தானே இருக்கு" என்று கழற்றி எறிவதுதான் பெரிய ஆபத்து.

அந்தத் தாங்கி கடையில் வாங்கும் பொருளும் அல்ல. வெந்நீரில் போட்டால் இளகும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை அந்த மனிதரின் கையிலேயே வைத்து வளைத்துச் செய்வார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். ஒருவர் கைக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குப் போடாதீர்கள்.

தீக்காயம் பற்றித் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அடுப்பங்கரையில் பட்ட தீ ஆறும்போது தோல் சுருங்கிக்கொண்டே வரும். எந்த நிலையில் வைத்தால் நோயாளிக்கு இதமாக இருக்கிறதோ, அந்த நிலையில்தான் தோல் சுருங்கி இறுகும். கழுத்தில் தீப்பட்டவருக்கு இரக்கப்பட்டுப் பெரிய தலையணை வைத்தால், தாடை நெஞ்சோடு ஒட்டிப்போகும். முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் பிறகு நீட்டவே முடியாது. அதனால்தான் முதல் நாட்களிலேயே தெரபிஸ்ட் வந்து, கையை நீட்டி வைத்துத் தாங்கி போடுகிறார். காயம் ஆறிய பிறகு இறுக்கமான உடையை அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். குளிக்கும் நேரம் தவிர ஏறக்குறைய நாள் முழுவதும், மாதக்கணக்கில், சிலர் ஓராண்டுக்கு மேலும் அதை அணிய வேண்டும். வெயில் காலத்தில் கொடுமைதான். ஆனால் ஒரு சின்னப் பெண்ணின் முகமும் கழுத்தும் காப்பாற்றப்படுவது அந்த உடையால்தான். நமது அறக்கட்டளைக்கு அறுவை சிகிச்சைக்காக விண்ணப்பம் வருகிறது. அதற்குப் பிறகான உடைக்கும் பயிற்சிக்கும் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். அதுவும் மருத்துவச் செலவுதான்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்

சக்கர நாற்காலி செருப்பு மாதிரி. அளவு தப்பினால் நடக்க உதவாது, புண்ணாக்கும். உட்காருபவரின் இடுப்பு அகலத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் அகலமானால் ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகு கோணும். இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கால் வைக்கும் தகடு உயர்ந்தால் பாரமெல்லாம் பின்புறத்தில் இறங்கும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அங்கே உணர்ச்சி இருக்காது. வலி தெரியாமலே புண் வந்து, எலும்புவரை போய்விடும். படுக்கைப் புண்ணால் உயிரே போனவர்கள் உண்டு. அதற்கேற்ற மெத்தை எது, அரை மணிக்கு ஒருமுறையாவது உடலை எப்படித் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்படி மாறுவது என்பதையெல்லாம் தெரபிஸ்ட் பழக்குவார்.

வீட்டையும் பார்க்க வேண்டும். சாதாரண நாற்காலியே அறுபது, அறுபத்தைந்து செண்டிமீட்டர் அகலம் இருக்கும். நம் வீட்டுக் குளியலறைக் கதவு சில சமயம் அதைவிடக் குறுகல். வாசலில் சரிவுப்பாதை போடுவதென்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறங்குலப் படி இரண்டு இருந்தால் பன்னிரண்டு அடி வேண்டும். நாலடியில் கொத்தனார் போட்டுத் தரும் சறுக்கலில் யாரும் ஏற முடியாது, இறங்கினால் கவிழ்ந்துவிடும். சிலருக்கு நாற்காலியே வேண்டியிருக்காது. இரண்டு மாதப் பயிற்சியில் வாக்கரோடு நடந்துவிடுவார்கள். அவர்களை நாற்காலியில் உட்கார வைத்தால் நாமே அவர்கள் காலைக் கட்டிப்போட்டதாகும். இதை முடிவு செய்யும் படிப்பு எனக்கும் இல்லை, நிர்வாகக் குழுவுக்கும் இல்லை. அதனால்தான் அந்தச் சீட்டு.

பார்த்துக் கொள்பவரையும் பாருங்கள்

நம் வீடுகளில் பணிவிடையின் பாரம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மனைவி, மகள் அல்லது மருமகள். எழுபது கிலோ எடையுள்ள மனிதரை ஒரு நாளைக்குப் பத்து முறை தூக்கி அவள் முதுகு போகிறது. அவள் வாய் திறந்து சொல்வதில்லை. தூக்காமல் நகர்த்தும் முறை இருக்கிறது. ஒரு வழவழப்பான பலகை, இடுப்பில் ஒரு பட்டை, நிற்கும்போது காலை எங்கே வைப்பது என்ற பழக்கம் ஆகியவை போதும். தெரபிஸ்டிடம் போகும்போது அவளையும் அழைத்துப் போங்கள். மகன் மட்டும் போய்க் கேட்டு வந்து சொன்னால் அது அவள் கைக்கு வந்து சேராது.

நோயாளி பெண்ணாக இருந்தால், ஆண் தெரபிஸ்ட் என்றால் என்ன செய்வது என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். இத்துறையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்து தருவோம், இன்ஷா அல்லாஹ். புர்காவில் பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைப்பது, ஒற்றைக் கையால் காய் நறுக்க இரண்டு துருப்பிடிக்காத ஆணி அடித்த பலகை செய்வது, தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரிப்பது போன்ற வழிகளைக் கேட்டால் நம் பெண்களே இன்னும் நாலு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். அடுப்படியை மருமகளிடம் ஒப்படைத்துவிட்ட உம்மாவுக்கும், தாமே ஒரு டீ போட்டுக் கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளையும் மறந்துவிடாதீர்கள். சரியான உயரத்தில் உட்கார வைத்தால், ரைஹாலைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால், பென்சிலைத் தடிமனாக்கினால், ஓத வராது எழுத வராது என்று விட்ட பிள்ளைகளில் சிலர் ஓதுகிறார்கள், எழுதுகிறார்கள். எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கே போவது, என்ன கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூரைப் பற்றிச் சொன்னேன். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தம் கை அசையாத நிலையில் 1981-ல் அவர் தொடங்கிய அமைப்பு இன்று ஆயிரக்கணக்கானோருக்குக் கை கொடுக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. அதில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. நம் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள். ஊனம் நிலையாக இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக் கொண்டிருக்கிறது. அட்டை வாங்கினால் கேவலம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது பிச்சையல்ல, உரிமை.

யாரிடம் போனாலும் படிப்பைக் கேளுங்கள். பி.ஓ.டி. என்பது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பும் அதற்கு மேல் பயிற்சிக் காலமும் கொண்டது. 2021-ல் வந்த மத்தியச் சட்டம் இத்துறையையும் தன் வரம்புக்குள் கொண்டு வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் கையை எழுப்பித் தருகிறேன் என்று எண்ணெயோடு வருபவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொன்னான மாதங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

போகும்போது மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள். நோய்க்கு முன் அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது? இப்போது எவையெல்லாம் முடியவில்லை? அவற்றுள் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவர் விரும்புகிறார்? மூன்றாவது கேள்விக்குப் பதிலை அவரிடமே கேளுங்கள். அவருக்குப் பதிலாக நாம் சொல்லிவிடக் கூடாது. பேச முடியாதவராக இருந்தால் சைகையால் காட்டட்டும். பொறுத்திருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு ஒரு பெண் தெரபிஸ்ட் நம் அலுவலகத்துக்கு வருகிறார். பக்கவாதமோ கை விபத்தோ தீக்காயமோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே பெயரைப் பதிந்து கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு அவரை அழைத்து வரும் செலவு நம்முடையது. உங்களுக்கு நாற்காலி கட்டாயம் உண்டு. உங்கள் உடம்புக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கும் பொருந்துகிற நாற்காலியாக அது இருக்கும்.

இன்று வீட்டுக்குப் போய் ஒன்று செய்யுங்கள். படுத்திருக்கும் உங்கள் வாப்பாவோ உம்மாவோ ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டினால், பக்கத்தில் நில்லுங்கள். விழுந்தால் பிடிக்கத் தயாராக நில்லுங்கள். ஆனால் எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பும் பணிவிடைதான்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பார்த்துக் கொள்பவர்களுக்குப் பலத்தையும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.